சி64-இல் சிக்கிய மூன்று நாள்

இடது சிறுநீரகத்தையும் சிறுநீர்க்குழாயையும் அகற்றிய ஓர் அறுவை சிகிச்சை. அதற்கு நான் நோய்க் குறியீடு (code) போட்டு அனுப்பிய காப்பீட்டு கிளெய்ம், நோய்க்கும் சிகிச்சைக்கும் பொருத்தமில்லை என்று திரும்பி வந்தது.

சிறுநீரகப் புற்றுநோய்க்கான சி64 குறியீட்டில், இடமா வலமா என்று குறிப்பிடாத சி64.9 போட்டிருந்தேன். சரி, அதுதான் தப்பு என்று இடப்பக்கத்துக்கான சி64.2 ஆக மாற்றினேன். மறுபடி திரும்பியது. சிகிச்சைக் குறியீட்டோடு சேர்க்கும் மாடிஃபையரில் தப்பு தேடி ஒரு நாள் வீண்.

அப்புறம்தான் பேத்தாலஜி ரிப்போர்ட்டை (அகற்றிய திசுவின் பரிசோதனை அறிக்கை) முழுசாகப் படித்தேன். சர்ஜன் பொதுவாக 'கிட்னி கேன்சர்' என்று எழுதியிருந்தாலும், அதில் இருந்தது சிறுநீரகத் திசுவிலேயே தோன்றும் ரீனல் செல் புற்றுநோய் அல்ல. சிறுநீர்ப் பாதையின் உட்படலத்தில் தோன்றும் யூரோதீலியல் கார்சினோமா, ரீனல் பெல்விஸில். பெல்விஸ் என்றதும் இடுப்பெலும்புக்குப் போய்விடாதீர்கள், இது சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் புனல். நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் சி64-இன் கீழேயே 'எக்ஸ்க்ளூட்ஸ்' (இதில் சேராதவை) குறிப்பு இதைத் தனியே ஒதுக்குகிறது.

இடது ரீனல் பெல்விஸுக்கான சி65.2 போட்டேன். பணம் வந்துவிட்டது.