மிஷின் எம்பிராய்டரியில் முகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ரீ மோஷன் எம்பிராய்டரி (மிஷினில் துணியைக் கையாலேயே நகர்த்தித் தைப்பது) பழகத் தொடங்கிய ஒருவர் தன் பாட்டியின் முகத்தைத் தைத்து எடுத்து வந்து காட்டினார். கண்கள் அபாரம். ஆனால் கன்னம் அப்பளம் போல உப்பியிருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தைத்த முதல் மூன்று முகங்களுக்கும் இதே கதிதான்.

துணியைத் தள்ளும் பல்லை இறக்க மறப்பது, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை இறக்காமல் ஓட்டி அடியில் நூல் கூடு கட்டுவது எல்லாம் இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விடுங்கள்.

கண்ணை முழுசாக முடித்துவிட்டு மற்றதற்குப் போவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. கண்தான் முகத்துக்கு உயிர் என்று எல்லாரும் சொல்வதால், அங்கேயே தொடங்கி அடர்த்தியாகத் தைத்துத் தள்ளுகிறோம். ஒவ்வொரு தையலும் துணியைத் துளியளவு சுருக்கும். அதுவும் தையல் ஓடும் திசையில்தான் அதிகம் சுருக்கும். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தையல் விழுந்தால் அந்த இடம் இறுகிக்கொள்ளும். சுற்றியுள்ள வெறும் துணி போக இடமில்லாமல் உப்பும்.

என் அப்பாவின் முகத்தைத் தைத்தபோது கண்களுக்கே இரண்டு மாலைகள் போயின. அச்சு அசல் அவர் பார்வை. கடைசியில் தலைமுடிக்குக் கறுப்பு நூலை மேலும் கீழுமாக நெருக்கி ஓட்டினேன். நெற்றி சுருங்கி, புருவம் மேலே ஏறி, அப்பா ஏதோ கேட்டுத் திகைத்துப்போனவர் மாதிரி ஆகிவிட்டார். நீராவி விட்டு இஸ்திரி போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் படிந்தது, புருவம் மட்டும் இறங்கவே இல்லை.

இப்போது நான் செய்வது வேறு. துணிக்கு அடியில் ஸ்டெபிலைசர், அதாவது துணி சுருங்காமல் தாங்கும் தாள், இரண்டு அடுக்கு வைக்கிறேன். வளையத்தில் மாட்டும்போது துணி தட்டையாக நிற்க வேண்டும்; ஆனால் மூலைவாட்டில் இழுத்து மாட்டினால், கழற்றியதும் பழைய அளவுக்கே திரும்பிச் சுருங்கும். மேல்நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். அப்புறம் முகம், முடி, கழுத்து என எல்லா இடத்திலும் லேசாக ஒரு சுற்று தைக்கிறேன். அதன் மேல் இரண்டாவது சுற்று, வேறு திசையில். கண்ணின் நுணுக்கமெல்லாம் கடைசிச் சுற்றில்தான்.

இன்னொன்று: எல்லாவற்றையும் நூலே செய்ய வேண்டியதில்லை. கன்னத்து நிழல், தாடைக்குக் கீழே இருக்கும் இருட்டு, தலைமுடியின் பெரிய திரள் ஆகியவற்றுக்குத் துணித் துண்டுகளை வெட்டி ஒட்டிவிடலாம். ஒரு துணி முடிந்து அடுத்தது தொடங்கும் ஓரத்தைக் கலப்பதற்கு மட்டும் நூல் போதும். தையல் பாதியாகக் குறைந்தால் சுருக்கமும் குறையும்.

தோல் நிறத்தைத் தேடி அலைவது

கடையில் உள்ள பழுப்பு நூலையெல்லாம் வாங்கிக் குவித்தவன் நான். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். முகத்தைக் காட்டுவது நிறம் அல்ல, வெளிச்சமும் நிழலும்தான். வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை நான்கைந்து படி போதும். அந்தந்தப் படிக்கு உரிய அளவு இருட்டாக இருந்தால், கன்னத்தில் ஊதா நூல் ஓடினாலும் உறுத்தாது. மினுங்கும் நூல் மட்டும் ஜாக்கிரதை: தையல் திசை மாறினால் அதே நூல் வெளிறியும் கறுத்தும் தெரியும்.

பற்களுக்கு நடுவே கோடு

போடாதீர்கள்.

வெள்ளை விழிக்கு வெள்ளை நூல்

மேல் இமையின் நிழல் விழுவதால் அந்த இடம் சாம்பலாகத்தான் இருக்கும். தூய வெள்ளையைப் போட்டால் முறைப்பது போல இருக்கும். வெள்ளை நூலைக் கருவிழியில் தெரியும் ஒளிப்புள்ளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தையல், அவ்வளவுதான்.

படத்தைத் திருப்பாமல் வரைவது

முன்பு சொன்ன துணித் துண்டுகளுக்காக, ஒட்டும் தாளின் மேல் வரைந்து துணியின் பின்பக்கம் ஒட்டினால், வெட்டிய துண்டு இடம் வலமாக மாறி வரும். வகிடும் மச்சமும் எதிர்ப்பக்கம் போய்விடும். வீட்டார் கண்ணுக்கு அது உடனே தட்டும், காரணம் மட்டும் சொல்லத் தெரியாது. எனவே அசல் படத்தைத் திருப்பிப் போட்டு வரையுங்கள்.

திரும்பத் திரும்பப் பிரிப்பது

ஒரு முறை பிரிக்கலாம். அடுத்த முறை அங்கே துணி இருக்காது, சல்லடைதான்.