ஈயக் குண்டா, ஜாக்கெட் குண்டா? கைத்துப்பாக்கி ரீலோடிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் குப்பையில் போடுவதில்லை. புது பிரைமர் (தீப்பொறி தரும் சிறு மூடி), புது பவுடர், புது குண்டு என்று வைத்து அதே கூட்டை மறுபடி தோட்டாவாக்குகிறார்கள். இதுதான் ரீலோடிங். சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள அங்கே மத்திய அரசு உரிமம் தேவையில்லை. விற்பதானால் உரிமம் வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே இந்தக் கட்டுரை, சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கற்கும் தமிழர்களுக்கானது.

புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது விலையைத்தான். வெறும் ஈயக் குண்டு மலிவு, செம்பு உறை போட்ட ஜாக்கெட் குண்டு விலை அதிகம், எதை வாங்கலாம்? எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே மனம் பதறும். எந்தக் குண்டு என்பதை முடிவு செய்வது பர்ஸ் அல்ல, உங்கள் துப்பாக்கியின் பேரல், அதாவது குழல். அதை அளக்காமல் குண்டு வாங்குவதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்.

பேரலை அளக்காமல் வாங்குவது

ஒரே பெயர் கொண்ட தோட்டாவுக்கு ஈயக் குண்டும் ஜாக்கெட் குண்டும் ஒரே பருமனில் வருவதில்லை. 9 எம்எம்முக்கு ஜாக்கெட் குண்டு 0.355 அங்குலம், ஈயக் குண்டு பெரும்பாலும் 0.356. .38 ஸ்பெஷல், .357 மேக்னம் இரண்டுக்கும் ஜாக்கெட் 0.357, ஈயம் 0.358. .45 ஏசிபிக்கு 0.451, 0.452. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு பங்கில்தான் எல்லாம் இருக்கிறது.

ஈயக் குண்டு, பேரலின் உள்ளே சுருளாக வெட்டியிருக்கும் பள்ளங்களை முழுக்க அடைத்துக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் மெலிந்திருந்தாலும் பின்னாலிருந்து வரும் சூடான வாயு குண்டின் ஓரத்தை உருக்கிக் கிழித்துக்கொண்டு முந்திப் போகும். உருகிய ஈயம் பேரலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளும். குறி சிதறும், துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிடும். ‘ஈயக் குண்டு என்றாலே பேரல் பாழ்’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அளவு பொருந்தாத குண்டைச் சுட்டவர்கள்தான்.

அளப்பது எளிது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துக்கொண்டு, எண்ணெய் தடவிய மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றைப் பேரல் வழியாகத் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். கிடைத்த அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிய ஈயக் குண்டு வாங்கினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் பொதுவாக ஐந்து பள்ளங்கள். பள்ளத்துக்கு நேர் எதிரே பள்ளம் இருக்காது, மேடுதான் இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டர் அங்கே தவறான அளவு காட்டும்.

ரிவால்வரில் சிலிண்டர் அறைகளின் வாயையும் பார்க்க வேண்டும். அந்த வாய் பேரலைவிடக் குறுகலாக இருந்தால், நீங்கள் எவ்வளவு சரியான குண்டு வாங்கினாலும் அது பேரலுக்குள் போகும் முன்பே நசுங்கி மெலிந்துவிடும்.

9 எம்எம் காரர்களுக்கு இன்னொரு மறைமுகச் சிக்கல். அதன் பித்தளைக் கூட்டின் சுவர் மேலிருந்து கீழே தடித்துக்கொண்டே போகும். ஜாக்கெட் குண்டுக்கான டைகளை (கூட்டை வடிவமைக்கும் அச்சுகளை) அப்படியே வைத்து ஈயக் குண்டை இறக்கினால், 0.356 ஆக உள்ளே போனது 0.354 ஆக நசுங்கி உட்கார்ந்திருக்கும். நானும் வாரக்கணக்கில் பேரலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் செய்து வைத்த ஒரு தோட்டாவிலிருந்து குண்டை வெளியே இழுத்து அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அன்று முதல், புது குண்டு வாங்கினால் முதல் தோட்டாவைப் பிரித்து அளக்காமல் அடுத்ததைச் செய்வதில்லை.

கெட்டியான ஈயமே நல்லது என்று நினைப்பது

நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் ஆனது. குண்டுக்கு உருக்குவது காரீயம், உடம்புக்கு நஞ்சு. அதில் கொஞ்சம் வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்துக் கெட்டியாக்குவார்கள். கெட்டித்தன்மையை அளக்கும் பிரினெல் அளவையில் சுத்தக் காரீயம் ஏறத்தாழ 5. நூற்றுக்கு 90 பங்கு காரீயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி கொண்ட லைமன் 2ஆம் எண் கலவை 15. பழைய அச்சுக்கூடத்து லினோடைப் உலோகம் 22 வரை போகும்.

‘கெட்டியாக இருந்தால் அப்பாது’ என்று எண்ணி, மெதுவாகப் போகும் .38 ஸ்பெஷலுக்கு மிகக் கெட்டியான குண்டை வாங்குவார்கள். விளைவு நேர்மாறு. குறைந்த அழுத்தத்தில் கெட்டிக் குண்டு விரிந்து பள்ளத்தை அடைப்பதில்லை. வாயு பக்கவாட்டில் தப்பித்து ஈயத்தை அப்பிவிடுகிறது. மெதுவான தோட்டாவுக்கு மெத்தென்ற குண்டு, வேகமானதற்குக் கெட்டியானது. மேக்னம் வேகத்தில் அடியில் செம்புத் தகடு பொருத்திய குண்டையோ ஜாக்கெட்டையோ எடுப்பதே உசிதம். பின்பக்கம் குழிவான மெத்தென்ற வாட்கட்டர் குண்டை (தட்டை முனை கொண்ட குண்டு) வேகமாகச் சுடவே கூடாது. முன்பாகம் பறந்துபோய், பாவாடை போன்ற பின்பாகம் மட்டும் பேரலில் தங்கிவிடக்கூடும்.

எடை ஒன்றுதானே என்று பவுடரை மாற்றாமல் விடுவது

இதுதான் ஆளையே காயப்படுத்தும் தவறு. 125 கிரெய்ன் (குண்டை எடைபோடும் சிறு அலகு) ஈயமும் 125 கிரெய்ன் ஜாக்கெட்டும் தராசில்தான் ஒன்று. ஈயம் பேரலில் வழுக்கிக்கொண்டு போகும். செம்பு உராய்ந்து எதிர்த்து நிற்கும். வடிவம் மாறினால் குண்டு கூட்டுக்குள் இறங்கும் ஆழமும் மாறும். 9 எம்எம் போன்ற சின்னக் கூட்டில் கொஞ்சம் ஆழமாக இறங்கினாலே அழுத்தம் கிடுகிடுவென ஏறும். அதனால் ரீலோடிங் கையேட்டில் உங்கள் குண்டின் வகைக்கே கொடுத்திருக்கும் பவுடர் கணக்கை எடுத்து, ஆரம்ப அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

பவுடரை ஏற்றுவதில் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். குறைப்பதிலும் ஆபத்து உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஈயத்துக்கான மெல்லிய கணக்கை ஜாக்கெட் குண்டுக்குப் போட்டால், அது பாதி வழியில் பேரலிலேயே நின்றுவிடலாம். சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக ‘பொத்’ என்று கேட்டால் அடுத்த விசையைத் தொடாதீர்கள். துப்பாக்கியைக் காலி செய்து, பேரலுக்குள் பாருங்கள். அடைத்து நிற்கும் குண்டின் மேல் அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும், பிளக்கும்.

செம்பு முலாம் பூசிய குண்டைப் பார்த்து ஜாக்கெட் என்று நம்புவதும் இதோடு சேர்ந்த தவறுதான். மேலே மெல்லிய பூச்சு, உள்ளே மெத்தென்ற ஈயம். தயாரிப்பாளர் சொல்லும் வேக வரம்பைத் தாண்டக் கூடாது. கூட்டின் வாயை இறுக்கமாக க்ரிம்ப் செய்தால் (குண்டைப் பிடிக்க உள்ளே மடக்கி இறுக்கினால்) பூச்சு வெட்டுப்பட்டுவிடும்.

க்ளாக் பேரலில் வெறும் ஈயம்

க்ளாக் துப்பாக்கிகளின் பேரலில் வழக்கமான கூர்மையான மேடுபள்ளம் கிடையாது. வழவழப்பான பலகோண வடிவம். பூச்சில்லாத ஈயக் குண்டை அதில் சுட வேண்டாம் என்று நிறுவனமே எச்சரிக்கிறது. அப்படிப்பட்ட பேரலில் ஈயம் படிந்து அழுத்தம் ஏறுவதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். ‘நான் ஆயிரக்கணக்கில் சுட்டுவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பார்கள். அவர்கள் பேரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் பேரலுக்கு உத்தரவாதம் ஆகாது. ஜாக்கெட் குண்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வழக்கமான பள்ளம் வெட்டிய மாற்றுப் பேரல் போடுங்கள்.

ஈயம் படிந்த பேரலைச் சுத்தம் செய்ய, கடைசியில் நாலு ஜாக்கெட் குண்டு சுட்டால் போதும் என்ற பழக்கமும் தப்பு. ஏற்கெனவே குறுகிய வழியில் விட்டுக்கொடுக்காத குண்டைத் தள்ளுகிறீர்கள். பழைய பிரஷ்ஷில் சுத்தமான செம்புக் கம்பி நாரைச் சுற்றித் தேய்த்தால் ஈயம் செதில் செதிலாக வந்துவிடும். செம்பு முலாம் பூசிய இரும்பு நார் வேண்டாம். காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சுடும் இடத்தைக் கேட்காமல் முடிவெடுப்பது

உள்ளரங்குச் சுடுதளங்கள் சில வெறும் ஈயத்தை அனுமதிப்பதில்லை. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த விலங்கை வேட்டையாடவும் ஈயக் குண்டு கூடாது. காண்டோர் கழுகுகள் ஈயம் தின்று சாவதைத் தடுக்கத்தான் அந்தச் சட்டப் போராட்டமே தொடங்கியது. அங்கே சாதாரண ஜாக்கெட் குண்டும் உதவாது, உள்ளே ஈயம்தானே.

ஜாக்கெட் வாங்கிவிட்டால் உடம்புக்கு ஈயத் தொல்லை இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூடுகளை உலர்பொடியில் போட்டு மெருகேற்றும்போது எழும் தூசியில் அது மிகுதி. அந்த வேலையை வீட்டுக்குள், அதுவும் குழந்தைகள் தவழும் தரையில், செய்யவே கூடாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் குழந்தைகளின் ரத்த ஈயத்துக்கான கவனிப்பு வரம்பை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. வேலை செய்யும் மேசையில் காப்பி டம்ளர் வைக்காதீர்கள். முடித்ததும் குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கை கழுவுங்கள். அந்தச் சட்டையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு முறை உங்கள் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள்.