வளர்ந்த பிள்ளை வீட்டில் குடிக்க அனுமதி கேட்டால்: பெற்றோர் முடிவெடுக்கும் முறை

17 வயதுக்கும் 21 வயதுக்கும் இடைப்பட்ட மகனோ மகளோ, "வெளியே போய்க் குடிப்பதைவிட உங்கள் கண்ணெதிரே வீட்டில் குடிப்பது நல்லதுதானே?" என்று கேட்கும்போது, அதில் நியாயம் இருப்பதுபோல் தோன்றுவதால் பெற்றோர் பலர் வாயடைத்துப் போகிறார்கள். அன்றைக்கே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லத் தேவையில்லை. யோசித்துச் சொல்வதாக அவகாசம் கேட்டுக்கொண்டு, தாயும் தகப்பனும் தனியாகப் பேசி ஒரே முடிவுக்கு வந்த பிறகு பதில் சொல்லுங்கள். ஒருவர் மறுக்க, மற்றவர் கமுக்கமாக விட்டுக்கொடுத்தால் வீட்டில் விதி என்று எதுவும் நிற்காது.

முதலில் பார்க்க வேண்டியது சட்டம். நீங்கள் வசிக்கும் இடத்தில் மது வாங்கும் வயது என்ன, குடிக்கும் வயது என்ன, பெற்றோர் உடனிருந்தால் விலக்கு உண்டா என்ற மூன்றையும் தனித்தனியே தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தைத் தொடர்ந்து எல்லா மாநிலங்களிலும் மது வாங்கும் வயது 21 ஆனது. ஆயினும் சில மாநிலங்கள், பெற்றோர் தம் சொந்தப் பிள்ளைக்கு மது கொடுப்பதைக் குற்றமாகக் கருதுவதில்லை. ஜெர்மனியில் பீரும் ஒயினும் 16 வயதில் அனுமதிக்கப்படுகின்றன; பெற்றோர் உடனிருந்தால் 14 வயதிலேயே அருந்தலாம். இந்தியாவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதோடு, முழு மதுவிலக்கு உள்ள மாநிலங்களும் உண்டு.

இத்தகைய விலக்கு இருப்பதை நான் எதிர்க்கவில்லை. சட்டப்பூர்வ வயதை நெருங்கும் சொந்தப் பிள்ளைக்குத் தம் வீட்டில் ஒரு மிடறு கொடுத்த பெற்றோரைக் குற்றவாளியாக்குவதால் யாருக்கும் நன்மை இல்லை. ஆனால் தண்டனை கிடையாது என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. தீங்கு கிடையாது என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெற்றோர் தடுமாறுகிறார்கள்.

அந்தக் குழப்பத்தின் வேர், வீட்டில் அளவோடு பழக்கிவிட்டால் வெளியே அளவு மீற மாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஆஸ்திரேலியாவில் பள்ளி மாணவர்களை அவர்களின் பதின்பருவம் முழுவதும் பின்தொடர்ந்து, 2018இல் வெளியான ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. பெற்றோர் மது கொடுத்த பிள்ளைகள் வெளியாரிடமிருந்து அதைப் பெறுவது குறையவில்லை, மாறாகக் கூடியது. பெற்றோர் கொடுத்ததால் பாதுகாப்பு கிடைத்தது என்பதற்குச் சான்று எதுவும் அதில் இல்லை. பிள்ளை அந்த நிகழ்வைப் பாடமாக எடுத்துக்கொள்வதில்லை, ஒப்புதலாகவே எடுத்துக்கொள்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆகவே சட்டப்பூர்வ வயதை எட்டாதவருக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: சட்டம் இடம் கொடுத்தாலும் நீங்களாக ஊற்றிக் கொடுக்காதீர்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். விளைவை எண்ணிப் பார்த்து ஆசையை அடக்கும் முன்மூளைப் பகுதி முதிர ஏறத்தாழ 25 வயது ஆகிறது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே சேர்த்துவிட்டது. எந்த அளவும் முழுப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

சில நிலைகளில் வயது என்னவாக இருந்தாலும் பதில் மறுப்பாகவே இருக்க வேண்டும். வலிப்பு நோய்க்கோ மன அழுத்தத்துக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எடுப்பவர், கருவுற்றிருப்பவர், அன்றிரவு வண்டி ஓட்ட வேண்டியவர் ஆகியோருக்குப் பேச்சே தேவையில்லை. நெருங்கிய உறவில் குடிநோயாளி இருந்தால் அதைக் குடும்ப மானம் என்று மூடி வைக்காதீர்கள். மதுவுக்கு அடிமையாகும் இயல்பில் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், அந்தச் செய்தியைத் தெரிந்துகொள்ளும் உரிமை பிள்ளைக்கு இருக்கிறது.

சட்டப்பூர்வ வயதைத் தாண்டியவரிடம் பேச்சு வேறு. அங்கே நீங்கள் அனுமதி கொடுப்பவர் அல்லர். வீட்டுக்கான விதியை வகுப்பவர். வீட்டில் மதுவே கூடாது என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அனுமதிப்பதானால், வெறும் வயிற்றில் கூடாது, தம்பி தங்கைக்குச் சுவைகூடக் காட்டக் கூடாது, துயரத்தை மறக்க ஒருபோதும் கூடாது என்பவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நீங்களே தினமும் குடிப்பவரானால் இந்த விதிகள் உங்களுக்கும் பொருந்த வேண்டும்.

அளவு என்பதைக் கோப்பையால் கணக்கிடாதீர்கள். குப்பியை எடுத்து, மில்லிலிட்டர் அளவையும் அதில் அச்சிட்டுள்ள ஆல்கஹால் விழுக்காட்டையும் பிள்ளையையே படிக்கச் சொல்லி, இரண்டையும் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.79ஆல் பெருக்கச் சொல்லுங்கள், கிடைப்பது அதிலுள்ள ஆல்கஹாலின் எடை, கிராமில். 5 விழுக்காடு பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம். 8 விழுக்காடு பீர் 650 மில்லியில் சுமார் 41 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் அகற்றும். ஒரு பெரிய குப்பியை இரவு 11 மணிக்குக் காலி செய்தவர் விடியற்காலையில் வண்டி எடுக்கக் கூடாது என்பதை அறிவுரையைவிட இந்தக் கணக்கு தெளிவாகச் சொல்லிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது ஒரு வாக்குறுதி. "எந்த நேரமானாலும், எந்த நிலையில் இருந்தாலும் கூப்பிடு; வந்து அழைத்துப் போகிறேன்; அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். நள்ளிரவில் அந்த அழைப்பு வரும்போது குரலை உயர்த்தாமல் இடத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மறுநாள் சாப்பிட்ட பிறகு பேசலாம். முதல் அழைப்பிலேயே திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை, குடித்திருக்கும் நண்பனின் வண்டியில் ஏறிவிடும்.

பிறர் பிள்ளைகளுக்கு, அவர்கள் பெற்றோர் தொலைபேசியில் சம்மதித்தாலும், ஊற்றிக் கொடுக்காதீர்கள். சட்டம் தரும் விலக்கு பெரும்பாலும் சொந்தப் பிள்ளைக்கு மட்டுமே.

கடைசியாக, ஆபத்தை அடையாளம் காணும் முறையைக் குடிக்காத பிள்ளைக்கும் கற்றுக் கொடுங்கள், ஏனெனில் நண்பனைக் காப்பாற்ற வேண்டியவர் அவராக இருக்கலாம். உலுக்கியும் எழாதவர், நிமிடத்துக்கு 8 முறைக்கும் குறைவாக மூச்சு விடுபவர், இரண்டு மூச்சுக்கு நடுவே 10 வினாடிக்கு மேல் இடைவெளி உள்ளவர், உதடோ நகமோ நீலம் பாய்ந்தவர் ஆகியோருக்கு உடனே ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும். காபியும் குளிர்ந்த நீரும் போதையைத் தெளிய வைக்காது. குடிப்பதை நிறுத்திய பிறகும் இரத்தத்தில் மதுவின் அளவு சிறிது நேரம் ஏறிக்கொண்டேயிருக்கும் என்பதால், தூங்கினால் சரியாகிவிடும் என்று அறையில் தனியாக விடக் கூடாது. வாந்தி மூச்சுக்குழாயை அடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலிருக்கும் முழங்காலை முன்னால் மடக்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருந்து மூச்சைக் கவனித்து, என்ன குடித்தார், எவ்வளவு, எப்போது, கூடவே மாத்திரை ஏதும் எடுத்தாரா என்பதை வருபவர்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.