இரத்தச் சர்க்கரை அறிக்கையைப் படிக்கும் முறை

பரிசோதனை அறிக்கையில் சர்க்கரை கூடியிருப்பதைக் கண்டதும் சிலர் தமக்கு நீரிழிவு வந்துவிட்டதென்று அன்றே முடிவு செய்துகொள்கிறார்கள். வேறு சிலரோ, முதல் நாள் விருந்தில் இனிப்புச் சாப்பிட்டதைக் காரணம் காட்டி அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். இவற்றுள் இரண்டாவதே எனக்கு அதிகக் கவலை தருகிறது. தொடக்கக் காலத்தில் நீரிழிவு பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டாது. ஆனால் கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் நரம்புகள் ஆகியவற்றின் பாதிப்பு அப்போதே தொடங்கியிருக்கலாம்.

முதலில், இரத்தம் எப்போது எடுக்கப்பட்டது என்று பாருங்கள். தண்ணீரைத் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல் குறைந்தது 8 மணி நேரம் கழிந்திருந்தால்தான் அது வெறும் வயிற்று அளவு. காலைக் காபிக்குப் பின் கொடுத்த இரத்தம் அதில் சேராது. வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது இயல்பு. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 126 அல்லது அதற்கு மேல் நீரிழிவின் அளவு. 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில் 140 முதல் 199 வரை முந்தைய நிலை. 200 முதல் நீரிழிவு.

கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 5.7 முதல் 6.4 சதவீதம் வரை முந்தைய நிலை, 6.5 முதல் நீரிழிவு. சிவப்பணுக்களில் ஒட்டியுள்ள சர்க்கரையை அளப்பதால், இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை இந்த எண்ணை உயர்த்திக் காட்டக்கூடும். அண்மையில் மிகுந்த இரத்தம் இழந்திருந்தால் குறைத்துக் காட்டக்கூடும். நம் பெண்களிடையே இரத்தசோகை பரவலாக இருப்பதால், ஹீமோகுளோபின் அளவையும் மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள்.

தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமற்ற எடைக் குறைவு ஆகியவற்றோடு உணவு நேரம் பாராமல் எடுத்த அளவு 200-ஐ எட்டினால் அதுவே போதிய சான்று. அறிகுறி இல்லாதவருக்கு இரண்டு முடிவுகள் ஒத்துப்போக வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்த்த அளவு ஐயத்தை எழுப்பலாம். உறுதி செய்ய கையின் இரத்தக் குழாயிலிருந்து (சிரையிலிருந்து) எடுத்த இரத்தத்தை ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். கடுமையான தொற்றும் ஸ்டீராய்டு மருந்தும் சர்க்கரையைத் தற்காலிகமாக உயர்த்தும் என்பதால், குணமானபின் மீண்டும் பாருங்கள். ஆனால் சர்க்கரை மிகுந்திருக்கையில் வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு, மயக்கநிலை ஆகியவை கண்டால் சிறிதும் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

முந்தைய நிலையில் உள்ளவர்களுக்கு நீரிழிவு வந்தே தீரும் என்பதில்லை. 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தவர்களிடம் நோயாக மாறும் வாய்ப்பு ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. தட்டில் சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுங்கள். நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள்.