அரைக் கிலோ கடலைப்பருப்பில் ஒரு வாரம்: வாடகை அறை மாணவர்களுக்கான செய்முறை

மொரீஷியஸில் மாலை வகுப்பு முடித்து, ரெதுயியில் மெட்ரோ ஏறி ரோஸ் ஹில்லில் இறங்கும் மாணவருக்கு மதியம் சாப்பிட்ட ரொட்டி எப்போதோ செரித்திருக்கும். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எண்ணெய்ச் சட்டியில் பொரியும் காத்தோ பிமா வடையின் மணம் வரும். அதைக் கடந்து அறைக்குப் போனாலோ, உடனே ஆகக்கூடியது ஒரு நூடுல்ஸ் பொட்டலம்தான். எது நல்ல உணவு என்று தெரிந்திருப்பதால் அந்த நேரத்தில் பயனில்லை. பெட்டியைத் திறந்தால் ஏதாவது ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆகவே, வீட்டை விட்டு முதன்முறையாகத் தனியே தங்குகிறவர்களுக்கு, குறிப்பாக ரோட்ரிக்ஸ் தீவிலிருந்து இங்கு வந்து படிக்கிறவர்களுக்கு, நான் முதலில் சொல்லித்தர விரும்புவது சனிக்கிழமை இரவு பருப்பை ஊறவைக்கும் பழக்கம். அரைக் கிலோ கடலைப்பருப்பு ஊறிவிட்டால் காலை உணவு, மாலைச் சிற்றுண்டி, சோற்றுக்கு இரண்டு பருப்புக் கறி ஆகிய எல்லாம் அதிலிருந்தே கிடைக்கும்.

நம் தீவில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நம் வீடுகளில் தாத்தா, பாட்டி, அப்பா என்று யாராவது ஒருவர் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பதைப் பார்த்தே நாம் வளர்ந்திருக்கிறோம். அதே நேரத்தில், சமையலறையில் செய்யும் சிறு மாற்றம் எவ்வளவு தூரம் பலன் தரும் என்பதற்கும் நம் நாடே சான்று: 1987-ஆம் ஆண்டில் அரசு பங்கீட்டு எண்ணெயைப் பனை எண்ணெயிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றியது, 1992-இல் மறுபடி ஆய்வு செய்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்டிரால் அளவு தெளிவாகக் குறைந்திருந்தது. எந்த எண்ணெய், எத்தனை கரண்டி எண்ணெய் என்ற கேள்விகளை நான் இவ்வளவு அக்கறையோடு கேட்பதற்கு இதுவே காரணம்.

வேண்டிய பொருள்கள்

ஆவித்தட்டு உள்ள ஒரு ரைஸ் குக்கர், ஒட்டாத தோசைக்கல் அல்லது வாணலி ஒன்று, மூடியுள்ள பெட்டிகள் நான்கு, ஒரு சல்லடை, ஒரு கத்தி. மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் இருந்தால் கேஸ் மிச்சமாகும். மிக்ஸி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பாட்டி வீட்டில் ரோஸ் காரி, அதாவது அம்மி, மூலையில் கிடக்குமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் அரைத்துக்கொண்டு வாருங்கள். மிக்ஸியில் வராத கரகரப்பு அம்மியில் வரும் என்பது என் அனுபவம்.

பருப்பைத் தவிர வாங்க வேண்டியவை வெங்காயம், வெங்காயத்தாள், பச்சை மிளகாய், தக்காளி, எலுமிச்சை, முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவை. இங்கு பேசும் கிரியோல் மொழியில் காய்கறிகளைக் கேட்கும்போது கவனித்துப் பாருங்கள்: கோத்தோமிலி என்பது கொத்தமல்லி, காரிப்பிலே என்பது கறிவேப்பிலை, பிப்பெங்காய் என்பது பீர்க்கங்காய். எந்த இனத்தவர் கடை வைத்திருந்தாலும் நம் முன்னோர் கொண்டுவந்த பெயர்களைச் சொல்லித்தான் விற்கிறார்கள். காத்தோ பிமாவும் நம் பருப்பு வடைதான்.

சனிக்கிழமை இரவு: ஊறவைத்தல்

அரைக் கிலோ கடலைப்பருப்பைத் தட்டில் பரப்பிக் கல், தோல் நீக்கி, தண்ணீர் தெளிவாகும்வரை மூன்று நான்கு முறை கழுவுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊறட்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வெயில் மாதங்களில் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், வெளியே வைத்தால் காலையில் நுரை கட்டிப் புளித்த வாடை வந்துவிடும். மேட்டுநில ஊரான குர்பிப் பக்கம், குளிர்காலத்தில், மேசைமேலேயே விடலாம். ஒரு பருப்பை எடுத்து நகத்தால் கிள்ளினால் நடுவில் வெள்ளைப் பொடி தெரியாமல் உடைய வேண்டும், அதுவே பதம்.

காலையில் நீரை வடித்து, சல்லடையில் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். இந்த அரை மணி நேரத்தைக் குறைப்பவர்களுக்குத்தான் வடை உருண்டை பிடிக்க வராமல் போகும். அரைக் கிலோ பருப்பு இப்போது ஏறத்தாழ ஒரு கிலோ ஆகியிருக்கும். அதில் பாதியை வடைக்கு வைத்துக்கொண்டு, மீதியை இரண்டு பெட்டிகளில் சமமாகப் பிரித்து மூடிக் குளிரில் வையுங்கள். அவற்றைப் புதன்கிழமைக்குள் சமைத்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை: எண்ணெயில் பொரிக்காத காத்தோ பிமா

வடைக்கு எடுத்த பருப்பில் ஒரு கைப்பிடியை அரைக்காமல் தனியே வையுங்கள். மீதியை மிக்ஸியில் தண்ணீர் சேர்க்காமல், நிறுத்தி நிறுத்தி, இடையிடையே கரண்டியால் கிளறிவிட்டு அரையுங்கள். ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். மாவாக அரைபட்டுவிட்டால் வெந்தபின் ரப்பர் போலாகிவிடும். அதில் முழுப் பருப்பையும், பொடியாக நறுக்கிய சிறு வெங்காயம் ஒன்று, வெங்காயத்தாள் மூன்று, ஒரு கைப்பிடி கொத்தமல்லி, பத்துக் கறிவேப்பிலை இலை, இரண்டு அல்லது மூன்று பச்சை மிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றையும் கலந்து பிசையுங்கள். உப்பு முக்கால் தேக்கரண்டி போதும். அதையும் உருண்டை பிடிக்கும் நேரத்தில்தான் போட வேண்டும், ஏனென்றால் உப்பு வெங்காயத்திலுள்ள நீரை வெளியே இழுத்து மாவைத் தளர்த்திவிடும்.

இருபத்துநான்கு உருண்டைகள் பிடித்து, ஒவ்வொன்றையும் கட்டைவிரல் கனத்துக்குத் தட்டுங்கள். ரைஸ் குக்கரில் ஒரு கோப்பை அரிசியும் அதற்கு வேண்டிய தண்ணீரும் வைத்து, எண்ணெய் தடவிய ஆவித்தட்டில் பாதி வடைகளை இடைவெளி விட்டு அடுக்கி மூடிவிடுங்கள். ஆவி நன்றாக வரத் தொடங்கிய பிறகு பதினைந்து நிமிடம் ஆகட்டும். கத்தி முனையால் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும், பிட்டுப் பார்த்தால் பச்சைப் பருப்பின் வாடை இருக்கக் கூடாது. கீழே சோறும் மேலே வடையும் ஒரே மின்சாரத்தில் வெந்துவிடுகின்றன. மீதி வடைகளை இரண்டு கோப்பைத் தண்ணீர் மட்டும் வைத்து இரண்டாம் முறை வேகவிடுங்கள்.

இந்த நிலையிலேயே சாப்பிடலாம் என்றாலும், மொறுமொறுப்புக்குப் பழகிய நாக்கு ஏற்றுக்கொள்ளாது. தோசைக்கல்லில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயைப் பரப்பி, நடுத்தரத் தீயில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று நிமிடம் முறுகவிடுங்கள். ஆறு வடைகளுக்கு இந்த எண்ணெய் போதும். கடையில் பொரித்த வடையின் சுவை இதில் அப்படியே வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஓரம் முறுகி, உள்ளே மென்மையாக, பருப்பின் மணம் இன்னும் தெளிவாகத் தெரியும் வேறொரு பண்டம் இது. வாரத்தில் ஒரு நாள் கடை வடையை ஆசையோடு சாப்பிடுங்கள், மற்ற நாள்களுக்கு இது இருக்கட்டும்.

நூறு கிராம் உலர்ந்த கடலைப்பருப்பில் சுமார் இருபது கிராம் புரதம் உண்டு. அந்தக் கணக்கில் ஒரு வடையில் ஏறத்தாழ இரண்டு கிராம், மூன்று வடைகளில் ஒரு முட்டையின் அளவுக்குப் புரதம் கிடைக்கிறது. காலையில் உருண்டை ரொட்டியை இரண்டாகப் பிளந்து, வெண்ணெய் தடவுவதற்குப் பதில் தக்காளிச் சாத்தினியை வைத்து, அதன்மேல் மூன்று வடைகளை நசுக்கி மூடினால் நண்பகல்வரை பசி தாங்கும். சாத்தினிக்கு அடுப்பே வேண்டாம்: இரண்டு தக்காளி, அரை வெங்காயம், ஒரு மிளகாய், கொத்தமல்லி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கலந்தால் முடிந்தது.

வேகவைத்த வடைகள் ஆறியதும் பெட்டியில் போட்டு மூடிக் குளிரில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். உறைபெட்டி இருந்தால் ஒரு மாதம்வரை வைக்கலாம், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாமல் முதலில் தட்டில் பரப்பி உறையவைத்துப் பிறகு பைக்கு மாற்றுங்கள். மாலையில் திரும்பி வந்ததும் உறைந்த நிலையிலேயே கல்லில் போட்டு, மூடி வைத்து, சிறு தீயில் எட்டு நிமிடம் சூடாக்கினால் போதும். நூடுல்ஸுக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தைவிட இது அதிகமில்லை.

திங்கள்கிழமை: முருங்கைக்கீரைப் பருப்பு

ஒரு பெட்டிப் பருப்பைக் குக்கரில் போட்டு, அரை லிட்டர் தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், தட்டிய பூண்டு நான்கு பல் சேர்த்து, மூன்று விசில் விடுங்கள். திறந்த பாத்திரத்தில் செய்தால் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும், அவ்வப்போது கொதிநீர் ஊற்ற வேண்டும். பருப்பு வெந்ததும் மசித்து, உருவிய கீரை இரண்டு கைப்பிடி போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டி, உப்புப் போட்டு இறக்குங்கள். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும், சூட்டில் வைட்டமின் சி வீணாகும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள அந்த வைட்டமின் துணை செய்கிறது. தேநீரோ அதைத் தடுக்கிறது. ஆகவே சாப்பிட்ட உடனே பால் தேநீர் குடிக்கும் நம் வழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். மாணவிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வயதுப் பெண்களிடம் இரத்தசோகை பரவலாக இருக்கிறது.

புதன்கிழமைக்குள் மற்றொரு பெட்டியை இதே முறையில் வேகவைத்து, கீரைக்குப் பதிலாகச் சௌசௌ, பீர்க்கங்காய், பூசணி ஆகியவற்றில் மலிவாகக் கிடைப்பதைப் போட்டுக் கூட்டாக்கிக்கொள்ளலாம்.

சோற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை

மாணவனாக இருந்தபோது, ஒரு நாள் இரவு மிஞ்சிய சோற்றை அணைத்துவிட்ட குக்கரிலேயே விட்டுவிட்டு, மறுநாள் மதியம் சூடாக்கிச் சாப்பிட்டேன். அன்று மாலை முழுவதும் வாந்தி, அடுத்த நாள் தேர்வை எழுத முடியவில்லை. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிர் இருக்கக்கூடும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதன் வித்துகள் சமைக்கும் சூட்டில் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே மிஞ்சும் சோற்றை உடனே தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அடுத்த நாளுக்குள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டு முடியுங்கள். அறையில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் ஒரு வேளைக்கு வேண்டிய அளவு மட்டும் சமையுங்கள்.

ரோட்ரிக்ஸ் சிவப்புப் பயறுச் சுண்டல்

ஊரிலிருந்து பெற்றோர் அனுப்பும் சிவப்புப் பயற்றையும் (ராஜ்மா) இதே வழியில் சிற்றுண்டியாக்கலாம். ஆனால் அதைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் கடும் வயிற்றுப்போக்கு வரும். அதிலுள்ள லெக்டின் என்ற பொருளே காரணம். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே தீயைக் குறைத்து மெத்தென்று வேகவையுங்கள். மெதுவாகச் சூடேறும் மின்பாத்திரத்தில் மட்டும் வைத்து வேகவைக்க வேண்டாம். வெந்த பயற்றில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த்துருவல் ஒரு கரண்டி தூவி எலுமிச்சை பிழிந்தால், கோயிலில் தரும் சுண்டலைப் போலவே இருக்கும். ஒரு சிறு பெட்டியில் போட்டு விரிவுரைகளுக்கு இடையில் சாப்பிடலாம்.

நூடுல்ஸே கதி என்ற நாளும் வரும். அன்று மசாலாத்தூளில் பாதியை மட்டும் போட்டு, ஒரு முட்டையும் மிஞ்சிய கீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாள் ஒன்றுக்கு ஐந்து கிராமுக்கும் குறைவான உப்பே தகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு தட்டைத் தேக்கரண்டி அளவு. அந்தத் தூள் பொட்டலம் ஒன்றே அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும். அதனுடன் குளிர்பானம் வேண்டாம், ஒரு சிறு டின்னில் ஏழு எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. தயிர் இரண்டு கரண்டியில் தண்ணீர் ஊற்றி, கறிவேப்பிலை கிள்ளிப்போட்டு மோராக்கிக் குடியுங்கள்.

உறைபெட்டிப் பையில் வடை ஆறாகக் குறையும்போது, கிழமை எதுவாக இருந்தாலும், அன்றிரவே அடுத்த அரைக் கிலோவைக் கழுவி ஊறப்போட்டுவிடுங்கள்.