காட்டுக்கு ஏற்ற பைனாகுலரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதால், ஜவ்வாது மலையிலோ அமிர்திக் காட்டிலோ பைனாகுலர் கொண்டு செல்பவர் பார்ப்பதற்காக மட்டுமே செல்ல வேண்டும். கருவியின் மேல் 8×42 என்றிருந்தால், 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்பக்க லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் கிடைக்கும் 5.25 மி.மீ., கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் என்பதாலும், பொழுது சாயும் வேளையில் புதர் மறைவில் நிற்கும் மானை அடையாளம் காண உதவுவது அதுவே என்பதாலும், சட்டைப்பைக்குள் அடங்கும் 8×25 அங்கே கைகொடுக்காது.

உருப்பெருக்கம் 10ஐத் தாண்டினால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் முக்காலியில் பொருத்திப் பறவை பார்ப்பவருக்கே அது சரிப்படும். ‘100 மடங்கு’ என்று கூவி விற்பவற்றை ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், கண்ணுக்கும் லென்சுக்கும் இடையே 15 மி.மீ. இடைவெளியாவது தரும் மாடலைக் கேட்டு வாங்குவது நல்லது. கடையின் விளக்கொளியில் முடிவு செய்யாமல், வாசலுக்கு வந்து தொலைவிலுள்ள ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தால் வேறொன்றைக் கேளுங்கள்.