மோதல் கணக்கில் உந்தம் எங்கே, ஆற்றல் எங்கே?

மோதல் கணக்கைப் போடும் முன் தாளில் மூன்று கட்டங்களைப் பிரித்து எழுதுங்கள்: மோதலுக்கு முன், மோதும் கணம், மோதலுக்குப் பின். சூத்திரம் இன்னும் வேண்டாம். விடை தப்புவது பெரும்பாலும் மூன்றையும் ஒரே சமன்பாட்டில் அடைக்கப் பார்ப்பதால்தான்.

மோதும் கணத்துக்கு உரியது உந்த அழிவின்மை: மொத்த உந்தம் (நிறை × திசைவேகம்) முன்னும் பின்னும் மாறாது. மோதல் மிகக் குறுகிய நேரத்தில் முடிந்துவிடுவதால், அதற்குள் புவியீர்ப்போ உராய்வோ தரும் கணத்தாக்கை (விசை × நேரம்) விட்டுவிடலாம். இயக்க ஆற்றலுக்கு அந்த உறுதி கிடையாது. பொருள் நசுங்கவும் சூடாகவும் அது செலவாகும். மீட்சி மோதல் (மொத்த இயக்க ஆற்றல் குறையாத மோதல்) என்று கணக்கே சொன்னால் மட்டும் இந்தக் கட்டத்தில் ஆற்றலைச் சமன்படுத்துங்கள்.

துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்க பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் விவரித்த ஊசல் இதற்கு மிகச் சிறந்த பயிற்சி. 10 கிராம் குண்டு, கயிற்றில் தொங்கும் 1.99 கிலோகிராம் மரக்கட்டையில் பாய்ந்து பதிகிறது. இரண்டும் சேர்ந்து 5 செ.மீ. உயர்கின்றன. குண்டின் வேகம் என்ன?

பின்னாலிருந்து வாருங்கள். கட்டை மேலே எழும்போது கயிற்றின் இழுவிசை பாதைக்குச் செங்குத்தாக இருப்பதால் அது செய்யும் வேலை சுழி. ஆகவே இங்கே ஆற்றல் அழிவின்மை செல்லும்: வேகம் = √(2 × 9.8 × 0.05) = 0.99 மீ/வி. இது மோதல் முடிந்தவுடன் கட்டைக்கும் குண்டுக்கும் உள்ள பொது வேகம். இப்போது உந்தம்: 0.010 × குண்டின் வேகம் = 2.00 × 0.99. விடை 198 மீ/வி.

குண்டின் இயக்க ஆற்றல் முழுவதும் நிலை ஆற்றலாகிறது என்று ஒரே வரியில் முடித்திருந்தால் 14 மீ/வி என்று வந்திருக்கும். உண்மையில் குண்டு கொண்டுவந்தது சுமார் 196 ஜூல். மோதலுக்குப் பின் மிஞ்சியது 0.98 ஜூல். 99.5 சதவீதம் மரத்தைத் துளைப்பதிலும் வெப்பத்திலும் போய்விட்டது. இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்களுக்கு உந்தமும் ஆற்றலும் பிறகு குழம்பாது.

கட்டை தொங்காமல் சொரசொரப்பான தரையில் இருந்தால் முதல் இரண்டு கட்டங்களில் மாற்றமில்லை. மூன்றாவதில் மட்டும், மிஞ்சிய இயக்க ஆற்றலை உராய்வு விசை × சறுக்கிய தூரம் என்ற வேலைக்குச் சமப்படுத்துங்கள்.

ஒரே நேர்க்கோட்டில் நிகழும் மீட்சி மோதலில் வர்க்கங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். நெருங்கும் வேகமும் விலகும் வேகமும் சமம். இதை உந்தச் சமன்பாட்டோடு சேர்த்தால் எளிய இரு சமன்பாடுகள் போதும். நிறைகள் சமமாக இருந்தால் திசைவேகங்கள் இடம் மாறிக்கொள்ளும்.

குறியில் கவனம் தேவை. 0.2 கிலோகிராம் பந்து சுவரில் 10 மீ/வி வேகத்தில் மோதி 8 மீ/வி வேகத்தில் திரும்பினால் உந்த மாற்றத்தின் அளவு 0.2 × (10 + 8) = 3.6 கி.கி. மீ/வி, 0.4 அல்ல. தொடுநேரம் 0.01 வினாடி என்றால் சராசரி விசை 360 நியூட்டன். குறியைத் தவறவிட்டால் 40 நியூட்டன்தான் வரும். எனவே எந்தத் திசை நேர்க்குறி என்பதை முதலிலேயே அம்புக்குறியால் காட்டிவிடுங்கள்.

விடை வந்ததும் மொத்த இயக்க ஆற்றலை முன்னும் பின்னும் கணக்கிடுங்கள். சுருள்வில்லோ வெடிப்போ இல்லாத மோதலில் பின்னால் அது கூடியிருந்தால், முதலில் குறிகளைச் சரிபாருங்கள். அடுத்து கிராம் கிலோகிராமாக மாறியதா என்று பாருங்கள்.